பல்லைக் கடிச்சா காது இரைச்சல் கூடுது. தாடைக்கும் காதுக்கும் தொடர்பு இருக்கா?

கேள்வி: தங்கச்சிமடம் டிரைவர்

வணக்கம். வயசு 46. விசைப்படகுல 18 வருஷமா டிரைவரா இருக்கேன். மூணு வாரமா இடது காதுக்குள்ள விடாம ஒரு சத்தம். பழைய டியூப்லைட் சோக்கு கத்துற மாதிரி கொய்ங்னு ஒரே சுருதியில கேக்குது. பகல்ல ஆள் நடமாட்டத்துல அவ்வளவா தெரியாது. ராத்திரி கரண்டு போய் ஃபேன் நின்னுச்சுன்னா அதோட தூக்கமும் போச்சு.

ராமநாதபுரத்துல ஒரு காது டாக்டர்கிட்ட காட்டினேன். கேட்கும் திறனைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அந்த வரைபடத்துல ரெண்டு காதுலயும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுச் சத்தம் கேக்குற இடத்துல, கோடு பள்ளமா இறங்குது. "எஞ்சின் சத்தத்துல வந்தது, பழகிக்க வேண்டியதுதான்"னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. எஞ்சின் காதைக் கெடுத்திருக்கும்ங்கிறதை நான் மறுக்கல. ஆனா ஒரு கணக்கு இடிக்குது.

ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சதுலருந்து படகு கரையில கிடக்கு. எஞ்சினை நான் தொடவே இல்ல. சத்தம் வந்தது மே மாசம். எஞ்சின் ஓடின 18 வருஷத்துல வராதது, நின்ன பிறகு ஏன் வரணும்?

இப்ப எனக்கு முழு நேர வேலை வலை பொத்துறது. காலையில 7 மணிக்குப் பூவரச மரத்தடியில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் அதேதான். கால் பெருவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கணும். வலது கையில ஊசி, இடது கையில வலைக்கண்ணு. முடிச்சு போட்டு இறுக்க மூணாவது கை வேணும், அதுக்குத்தான் பல்லு. நூலை இடது கோரைப்பல்லுல கவ்வித் தலையைப் பின்னால சுண்டி இழுப்பேன். அறுக்கிறதும் பல்லாலதான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முடிச்சுன்னு எண்ணினது கிடையாது.

முந்தாநாள்தான் கவனிச்சேன். நூலைக் கடிச்சு இழுக்கிற அந்த நொடியில காதுச் சத்தம் ஒரு படி மேல ஏறுது. விட்டா இறங்குது. வாயை அகலமா திறந்தா மெல்லிசாகுது. காலையில எந்திரிக்கும்போது இடது கன்னமும் நெத்திப்பொட்டும் வலிக்குது. ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிறேன்னு வீட்டுல வேற சொல்றாங்க.

இது தாடையிலருந்து வருமா? இல்ல, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறேனா? யாருகிட்ட போய்க் காட்டணும்?


பதில் 1: கீழக்கரை பல் டாக்டர்

அண்ணே, நீங்க போட்ட முடிச்சு சரியான முடிச்சுதான். சுண்டுவிரலைக் காதுக்குள்ள லேசா வச்சு, முன்பக்கமா அழுத்திக்கிட்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்க. ஒரு குமிழ் உருண்டு போறது விரல்ல தட்டும். அதுதான் தாடை மூட்டு. அதுக்கும் காதுத் துவாரத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சுவர்தான் இருக்கு.

அக்கம்பக்கமா இருக்கிறதைவிட நரம்பு வழிதான் பெரிய விஷயம். மெல்லுற தசைகளை இயக்குறது அஞ்சாவது மூளை நரம்பு. தாடை இறுகிப்போயிருக்கு, வலிக்குதுங்கிற சேதியைக் கொண்டுபோறதும் அதேதான். செவிப்பறைக்குப் பின்னாடி சுத்தியல் மாதிரி இருக்கிற குட்டி எலும்பைப் பிடிச்சு இழுக்கிற ஒரு சின்னத் தசை இருக்கு, அதுக்கும் இதே நரம்போட கிளைதான் வருது. காதுலருந்து போற நரம்பு மூளைத்தண்டுல முதல்ல போய்ச் சேர்ற இடத்துல தாடைச் சேதியும் கழுத்துச் சேதியும் வந்து கலக்குது. பெரிய சத்தத்தால காது பழுதாகி அங்கிருந்து வர்ற சேதி குறைஞ்சா, தாடைச் சேதிக்கு அந்த இடத்துல பலம் கூடிப்போகுதுன்னு விலங்குகள்ல செஞ்ச ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. அதனால எஞ்சினா, வலையான்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல. எஞ்சின் காதை நலிய வச்சிருக்கும், வலை வேலை அதைக் கிளப்பி விட்டிருக்கும். நீங்க சொன்ன தேதிக் கணக்கு அப்படித்தான் காட்டுது.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. ஜேம்ஸ் காஸ்டன்னு ஒரு அமெரிக்கக் காது டாக்டர் 1934லயே எழுதினார். கடைவாய்ப்பல் விழுந்ததால தாடை மேல ஏறி அழுத்துதுன்னு அவர் சொன்ன காரணம் பின்னாடி நிக்கல. தாடைக்கும் காதுக்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னது நின்னுச்சு.

ஒரு எச்சரிக்கை. பல்லைக் கடிச்சா சத்தம் மாறுறது காதிரைச்சல் உள்ள நிறையப் பேருக்கு உண்டு, அதை மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாது. உங்களுக்குத் தாடை வலியும் சத்தமும் சேர்ந்தே வந்திருக்கு, வேலையோட கூடிக் குறையுது. அதனாலதான் நான் இவ்வளவு உறுதியா சொல்றேன். ஆனாலும் ஒரே பக்கம் மட்டும் கேக்குறதால, ஸ்கேன் வேணுமான்னு இன்னொரு காது டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. சத்தம் நாடித்துடிப்போட சேர்ந்து அடிச்சாலோ, தலை சுத்தினாலோ தள்ளிப் போடாதீங்க. காது திடீர்னு மந்தமாச்சுன்னா அன்னிக்கே ஓடணும், நாள் கடந்தா மருந்து கேக்காது.

நாளையிலருந்து நூலை அறுக்கக் கத்தி. சாப்பிடுற நேரம் தவிர உதடு சேர்ந்திருக்கட்டும், பல்லு பிரிஞ்சிருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னாடி இருக்கட்டும். கன்னத்துல வெதுவெதுப்பா 15 நிமிஷம் ஒத்தடம். முறுக்கு, பாக்கு, கருவாட்டுத் தலை எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். உங்க மூணு விரலை அடுக்கி வாய்க்குள்ள செங்குத்தா வைக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா பல் டாக்டர்கிட்ட போங்க. ராத்திரி பல்லு மேல பல்லு உரசாம இருக்கப் போடுற தகடு உங்க பல்லை அச்செடுத்துத்தான் செய்யணும், கடையில வாங்கிப் போட்டுக்காதீங்க.


பதில் 2: சின்னப்பாலம் பொண்ணு

அண்ணன் கேட்டது வேற. ஆனா கடல்ல முங்குறவங்க இதைப் படிச்சா உதவும்னு எழுதுறேன். எங்கம்மா தென்கடல்ல 30 வருஷமா பாசி எடுக்கிறவங்க. அவங்களுக்கும் இதே மாதிரி இரைச்சல் வந்துச்சு. அக்கம்பக்கத்துல சொன்னாங்கன்னு நல்லெண்ணெயைக் காய்ச்சி வெதுவெதுப்பா ஊத்தினோம். வலி தாங்க முடியாம கத்திட்டாங்க. டாக்டர் பார்த்தப்ப செவிப்பறையில ஓட்டை. முங்கும்போது தண்ணி அழுத்தத்துல கிழிஞ்சிருக்கு. ஓட்டை வழியா எண்ணெய் உள்ள போய்ச் சீழ் பிடிச்சு, ரெண்டு மாசம் அம்மா தொழிலுக்கே போகல. அந்த எண்ணெயை ஊத்தினது என் கையாலதான், இன்னும் மனசு ஆறல. காதுக்குள்ள என்ன இருக்குன்னு டாக்டர் பார்க்காம ஒரு சொட்டு எதையும் விடாதீங்க.


பதில் 3: தேவிபட்டினம் பெரியவர்

தம்பி, எனக்கு 70 ஆகுது. 40 வருஷம் வெத்தலை பாக்கு. தாடை டிக் டிக்னு சொடுக்கும், காதும் இரையும். பாக்கை விட்டு மூணு மாசத்துல சொடுக்கு நின்னுருச்சு, இரைச்சல் நிக்கல. வயசும் சேர்ந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். உனக்கு வந்து மூணு வாரம்தானே ஆகுது, விட்டுறாம பாரு.


பதில் 4: தங்கச்சிமடம் டிரைவர்

ஏழு வாரம் கழிச்சு எழுதுறேன். டாக்டரம்மாவுக்கும் பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

மதுரையில வேற காது டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. அதைக் கேட்ட அன்னிக்குத்தான் வீட்டுல நிம்மதியா சாப்பிட்டாங்க. அப்புறம் பல் டாக்டர். கண்ணாடியை என் கையில குடுத்துக் கோரைப்பல்லைக் காட்டினாங்க. நுனியில நூல் தடிமனுக்குப் பள்ளம், அரத்தால ராவின மாதிரி வழவழன்னு. இவ்வளவு வருஷம் முகம் கழுவியும் என் கண்ணுல பட்டதில்ல. வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்கல. கன்னத்து எலும்புக்குக் கீழ அழுத்தினதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அதே நேரம் காதுச் சத்தமும் ஏறுச்சு. அவங்க அழுத்தினப்ப நானே அதைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகம் போச்சு.

பல்லுக்குப் பதிலா பலகையில ஒரு ஆணி அடிச்சுக்கிட்டேன். நூலை அதுல ரெண்டு சுத்து சுத்தி இழுத்தா முடிச்சு நல்லாவே இறுகுது. கத்தியைக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டிருக்கேன். ஆனாலும் முதல் வாரம் கை தானா நூலை வாய்க்குக் கொண்டுபோகும். அதுக்காக ஊசியில சிவப்பு நூல் சுத்தி வச்சேன். அது கண்ணுல படும்போதெல்லாம் பல்லைப் பிரிச்சுக்குவேன்.

இப்ப மூணு விரல் போகுது. காலையில கன்ன வலி இல்ல. வாரத்துல ரெண்டு மூணு நாள் எந்திரிக்கும்போது சத்தமே இருக்கிறதில்ல. ராத்திரி இன்னும் கேக்குது, ஆனா மெல்லிசா. தூங்கிடுறேன்.

ஜூன்ல தடை முடிஞ்சு கடலுக்குப் போனப்ப இன்னொண்ணு பிடிபட்டுச்சு. கச்சான் காத்துல படகு அலை மேல ஏறி விழும்போது, சுக்கானைப் பிடிச்ச கையோட பல்லும் சேர்ந்து இறுகுது. 18 வருஷமா அப்படித்தான் ஓட்டியிருக்கேன் போல. இப்ப சுக்கான்லயும் சிவப்பு நூல் சுத்தியிருக்கேன். எஞ்சின் பக்கம் போனா காதுக்கு மூடி போட்டுக்கிறேன்.

டாக்டரம்மா, ஒரு கேள்வி. ராத்திரி கடல்லயே தங்குற தங்கல் போகும்போது, பல் டாக்டர் செஞ்சு குடுத்த தகட்டைப் படகுக்கு எடுத்துட்டுப் போகலாமா? உப்புத்தண்ணியில கெட்டுப்போகுமா?


பதில் 5: கீழக்கரை பல் டாக்டர்

அண்ணே, படிச்சதும் மனசு நிறைஞ்சுபோச்சு. தாராளமா எடுத்துட்டுப் போங்க. மூடி உள்ள டப்பாவுல வச்சுக்கங்க. குடிக்கிற தண்ணியில கழுவினா போதும், சுடுதண்ணி வேண்டாம். எஞ்சின் மேலயோ வெயில்லயோ வச்சிடாதீங்க, சூட்டுல வளைஞ்சிரும். வேற ஆள் முழிச்சிருந்து நீங்க தூங்குற நேரத்துல மட்டும் போட்டுக்கங்க. சுக்கான்ல நிக்கும்போது தகடு வேண்டாம், அங்க சிவப்பு நூலே போதும்.