ஐடிஐ பையனுக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறவுகளே, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கிறான். அவன் அப்பா, என் மச்சான், விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவர். இலங்கைக் கடற்படை பிடித்து, அங்கே சிறையில் இருக்கிறார். அதிலிருந்து பையன்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மீன்துறை, கலெக்டர் ஆபீஸ் என்று அலைகிறான். மிச்ச நாளில் ஐஸ் உடைக்கப் போகிறான். வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை.

இப்போது வருகை 80 சதவீதத்துக்குக் கீழே. அது இல்லாமல் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத விடமாட்டார்கள். பெயரையே நீக்கிவிடுவோம் என்றும் சொல்கிறார்கள். விதி தேவைதான், எஞ்சினைக் கழற்றி மாட்டுவது கைபழகி வரவேண்டிய வேலை. ஆனால் காரணமே கேட்காமல் 'ஒழுங்கீனம்' என்று எழுதுவது நியாயமா?

விடுபட்ட செய்முறை வகுப்பைக் கூடுதல் நேரத்தில் ஈடுகட்ட யாருக்காவது அனுமதி கிடைத்திருக்கிறதா? மனுவை ஐடிஐ முதல்வரிடம் கொடுத்தால் போதுமா, மண்டல இணை இயக்குநர் வரை போகவேண்டுமா? மச்சான் சிறையில் இருப்பதற்கு மீன்துறையில் கடிதம் வாங்கி இணைத்தால் எடுபடுமா? மாதம் வரும் 750 ரூபாய் உதவித்தொகையும் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அரசு தரும் 1000 ரூபாயும் நின்றுவிடுமோ என்று அக்கா பயப்படுகிறாள்.

பையன் யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. 14416 மனநல உதவி எண்ணைக் கொடுத்தேன், தயங்குகிறான். பாம்பன், மண்டபம் பக்கம் ஐடிஐ முடித்து வேலையில் இருக்கும் அண்ணன்மார் யாராவது அவனை ஒருமுறை நேரில் பார்த்துப் பேச முடியுமா? உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே அழைத்து வருகிறேன்.