20 மில்லி பலகை என்று ஒரு மாயம்

கட்டிங்_காசிமேடு:
நேற்று நம் கேரம் குழுவில் ஒருத்தர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொருக்குப்பேட்டையில் ஆர்டர் கொடுத்தால் மட்டும் போர்டு செய்து தரும் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறதாம், அங்கே 20 மில்லிமீட்டர் தடிமன் பிளைவுட்டில் செய்வதுதான் போர்டாம், கடையில் 12 மில்லி வாங்குகிறவன் எல்லாம் தாயம் ஆடப் போகலாமாம். ஐயா, சர்வதேச விதியை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்தீர்களா? பலகை 8 மில்லிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் இந்தப் பக்கத்து மரச் சட்டத்துக்கும் எதிர்ப் பக்கத்து மரச் சட்டத்துக்குமாகக் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். இதில் 20 எங்கே வந்தது?

பட்டறை_பக்தன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 8 என்பது அதற்குக் கீழே போகாதே என்ற கணக்கு அண்ணே, அதையே வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. மெல்லிசுப் பலகை நம் ஏரியா கடல்காற்றில் ஒரு ஐப்பசி கார்த்திகையைத் தாண்டட்டும், அப்புறம் நடுவில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வையுங்கள், கீழே வெளிச்சம் தெரியும். மெதுவாகத் தட்டின காய் ராணி வட்டத்தைத் தாண்டியதும் தானாகத் திரும்பும். 20 மில்லி அசையாது. அந்தப் பட்டறைக்காரர் பிளைவுட் வந்ததும் அறுக்க மாட்டார், நிழலில் நிறுத்திவைத்துக் காத்திருப்பார். பாக்கெட் வாயில் நகத்தை ஓட்டினால் ஒரு பிசிறு கிடையாது.

கட்டிங்_காசிமேடு:
கதை நன்றாக இருக்கிறது. 20 எங்கே எழுதியிருக்கிறது?

டபுள்ஸ்_வியாசை:
இரண்டு பேரும் ஆடியவர்கள் மாதிரியே தெரியவில்லை. ரீபவுண்டை, அதாவது முட்டித் திரும்பும் வேகத்தை, கொடுப்பது சுற்றியுள்ள மரச் சட்டம். பலகை எட்டோ இருபதோ, சட்டம் இரண்டு அங்குல அகலத்துக்கு இளைத்துப் போயிருந்தால் ஸ்ட்ரைக்கர் போய் முட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். கருவேலமோ வேறு கனமான மரமோ, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மூலை இணைப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. விதியிலேயே சட்டத்தின் அகலம் 6.35 முதல் 7.60 சென்டிமீட்டர். அதை விட்டுவிட்டுத் தடிமனைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வியாசர்பாடியில் கைக்குழந்தைக்கும் தெரியும் இது. இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனது எங்கள் தெருக்களிலிருந்து போய்த்தான்.

கட்டிங்_காசிமேடு:
ஆரம்பித்துவிட்டார். இளவழகியோடு நின்றுவிட்டீர்களே, 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எந்தப் பக்கத்துப் பெண் என்று விசாரியுங்கள். வடசென்னையில் ஆட்டோ ஓட்டும் அப்பா சொல்லிக்கொடுத்து வந்த பெண். 20 மில்லி இருந்தால்தான் ஆட வரும் என்றால் எங்கள் சந்தில் ஒருத்தனும் ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்க மாட்டான். நாங்கள் எல்லாம் தெருவிளக்குக்கு அடியில், டிரம் மேல் வைத்த பலகையில் கற்றுக்கொண்டவர்கள்.

பட்டறை_பக்தன்:
டிரம் மேல் ஆடினால் பெருமை, நல்ல போர்டில் ஆடினால் குற்றமா? 12 மில்லி போர்டையும் 20 மில்லி போர்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஸ்ட்ரைக்கரால் அடியுங்கள். 12இல் டொக் டொக்கென்று வயிறு காய்ந்த சத்தம் வரும், பலகை அதிர்வது உள்ளங்கைக்கே தெரியும். 20இல் அது இல்லை. காதும் கையும் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கட்டிங்_காசிமேடு:
சத்தத்தை வைத்துப் போர்டு வாங்குவதற்கு அது என்ன தவிலா? அதிர்வு வருவது அடியில் ரீப்பர் சரியாக அடிக்காததால். கீழே குறுக்குச் சட்டம் ஒழுங்காகக் கொடுத்தால் 12 மில்லியே போதும், எனக்கு எத்தனையோ வருடமாகப் போதுகிறது. நடுவில் தொய்வு கிடையாது, ஸ்கேல் வைத்தால் வெளிச்சம் தெரியாது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். உங்கள் பட்டறைக்காரர் தடிமன் என்ற பெயரில் ஆள் தூக்க முடியாத எடையை விற்கிறார். மாடிப்படி ஏற்றி இறக்க ரெண்டு ஆள் வேண்டும். மறுபடியும் கேட்கிறேன், 20 எந்த விதியில்?

பவுடர்_பாய்:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும் பாய்மார்களே. பலகை எதுவானாலும் போரிக் பவுடரை மாவு சலிக்கிற மாதிரி கொட்டினால் எதுவும் ஓடாது. நம் ஊர் ஈரத்தில் பவுடர் கட்டி பிடிக்கும், முதலில் அதை நிழலில் உலர்த்துங்கள், கையால் லேசாகத் தூவுங்கள், துணியால் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

டபுள்ஸ்_வியாசை:
பவுடரைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா பாய்? போன பொங்கல் டோர்னமென்டில் அரையிறுதிக்கு நடுவில் டப்பாவைக் கவிழ்த்தது யார்? எங்கள் ஜோடி தோற்றதே அதனால்தான்.

பவுடர்_பாய்:
நீங்கள் தோற்றது ராணியைப் போட்டுவிட்டு ஃபாலோ, அதாவது அடுத்து உங்கள் காய் ஒன்றை, போடத் தெரியாததால். கூட்டமே பார்த்தது.

கட்டிங்_காசிமேடு:
இரண்டு பேரும் வேறு இடத்தில் போய்ச் சண்டை போடுங்கள், இங்கே தடிமன் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்தன் இன்னும் பதில் சொல்லவில்லை.

புதுசு_தண்டையார்பேட்டை:
அண்ணன்களே, தம்பிக்கு ஒரு போர்டு வாங்க வேண்டும். பள்ளியில் ஆடுகிறான். கொருக்குப்பேட்டைப் பட்டறையில் 9,000 சொல்கிறார்கள், கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பட்டறை_பக்தன்:
பட்டறையில் வாங்குங்கள் தம்பி. ஒருமுறை வாங்கினால் பேரன் வரைக்கும் ஆடலாம்.

கட்டிங்_காசிமேடு:
பேரன் வரைக்கும் கடன் அடைக்கலாம். தம்பி, நான் சொல்வதைக் கேள். கடைக்குப் போகும்போது உன் சொந்த ஸ்ட்ரைக்கரை எடுத்துப் போ, 4.13 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமோ 15 கிராமுக்கு மேல் எடையோ இருந்தால் போட்டியில் விடமாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள். நடுவிலிருந்து நான்கு பக்கச் சட்டத்துக்கும் ஒரே வேகத்தில் அடி, நான்கிலும் ஒரே மாதிரி திரும்பி வருகிறதா பார். பலகையும் சட்டமும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்து, விரிசல் விட்டால் வேண்டாம் என்று சொல். பாக்கெட் 4.45 சென்டிமீட்டர், சிலர் வாயைப் பெரிதாக வெட்டிவிடுவார்கள், அதில் பழகிய பையன் போட்டியில் போய் முழிப்பான். எத்தனை மில்லி என்று மட்டும் கேட்காதே.

பட்டறை_பக்தன்:
இதெல்லாம் பட்டறைக்காரர் செய்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறார். நான் சொன்னதையே உங்கள் வாயால் சொல்கிறீர்கள்.

கட்டிங்_காசிமேடு:
நீங்கள் சொன்னது 20. நான் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை.

டபுள்ஸ்_வியாசை:
சட்டத்தின் அகலத்தைக் கேள் தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். நம் கேரம் வீரர் மரியா இருதயம் 1996இல் அர்ஜுனா விருது வாங்கினாரே, அவர் பலகையின் தடிமனை அளந்துவிட்டா உட்கார்ந்தார்?

பட்டறை_பக்தன்:
அவர் சட்டத்தை அளந்துவிட்டு உட்கார்ந்ததை நீங்கள் பார்த்தீர்களா?

பவுடர்_பாய்:
அவரை ஏன் இழுக்கிறீர்கள்? டபுள்ஸ் அண்ணே, அந்தப் பொங்கல் டோர்னமென்டில் மூன்றாம் பரிசு மிக்ஸியை உங்கள் ஜோடிக்காரர் தனியாக எடுத்துப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கும் என் பவுடர்தான் காரணமா?

டபுள்ஸ்_வியாசை:
அது குடும்ப விஷயம். அவர் என் மச்சான்.

புதுசு_தண்டையார்பேட்டை:
அப்போ எதை வாங்குவது?

கட்டிங்_காசிமேடு:
ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்கு வா தம்பி, என் 12 மில்லியில் அடித்துப் பார். பக்தனையும் அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல். தூக்க முடிந்தால்.

பட்டறை_பக்தன்:
வருகிறேன். ரெண்டு ஆளுக்கு ஆட்டோ காசு யார் தருவது?