பாக்கெட் இல்லாத சட்டையில் என்ன பெருமை?

ரங்கநாதன்தெரு: "யூனிபார்ம் போட்டால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை, ஊழியருக்குப் பெருமை" என்று கடைமுதலாளி சார் இந்தக் குழுவில் எழுதியிருக்கிறார். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நானும் அந்தப் பெருமையை மாட்டிக்கொண்டு நின்றவன்தான். சட்டையில் பாக்கெட்டே கிடையாது. பில் பணத்தை அமுக்கிவிடுவோமாம்!

கடைமுதலாளி: தம்பி, தீபாவளிக் கூட்டத்தில் யார் ஊழியர், யார் துணைக்கு வந்த மச்சான் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் யூனிபார்ம். பாக்கெட்டெல்லாம் சின்ன விஷயம்.

ரங்கநாதன்தெரு: சின்ன விஷயம்தானே, வைத்துத் தைக்க வேண்டியதுதானே? உங்கள் சட்டையில் எத்தனை பாக்கெட் சார்?

மாடிசெக்‌ஷன்: அண்ணே, உங்களுக்காவது சட்டை. எங்களுக்கு வழுக்குகிற சிந்தெடிக் சேலை. ப்ளவுஸ் தையல்கூலி எங்கள் கைக்காசு. பட்டு எடுக்க வருகிற அக்காக்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கலர் மட்டும் வேண்டாம்மா" என்கிறார்கள். நல்ல நம்பிக்கை!

கடைமுதலாளி: எல்லாரும் ஒரே உடை என்றால் ஏற்றத்தாழ்வு தெரியாது.

ரங்கநாதன்தெரு: சூப்பர்வைசருக்கு மட்டும் முழுக்கை, டை, பாக்கெட். தெரியவே தெரியாது சார்.

செய்திப்பிரியன்: நிறத்திலேயே சிக்கல் வரும். 2024 மார்ச்சில் உணவு டெலிவரி நிறுவனமான சொமேட்டோ சைவ டெலிவரிக்குத் தனியாகப் பச்சை உடை என்று அறிவித்தது. சிவப்பு உடை என்றாலே அசைவம் என்று குடியிருப்புகளில் தடுப்பார்கள் என்ற பயத்தில் மறுநாளே எல்லாருக்கும் சிவப்பு என்று மாற்றிக்கொண்டது.

ரங்கநாதன்தெரு: அவர்கள் உடையில் பாக்கெட் உண்டா, அதைச் சொல்லுங்கள்.

கடைமுதலாளி: பாக்கெட், பாக்கெட்! போன மாதம் டிப்ஸ் விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றையே பிடித்துத் தொங்கினீர்கள்.

ரங்கநாதன்தெரு: அங்கேயும் பாதியில் ஓடியது நீங்கள்தான்.

கடைமுதலாளி: வியாபாரம் செய்கிறவனுக்கு வேறு வேலை இருக்கிறது. 2021-இல் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் ஸ்டூல் போட்டவன் நான்.

மாடிசெக்‌ஷன்: எங்கள் கடையிலும் ஸ்டூல் உண்டு சார். அதன்மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

செய்திப்பிரியன்: அந்தச் சட்டத்தைக் கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது.

கடைமுதலாளி: அப்படியென்றால் கேரளத்திலேயே போய்த் துணி எடுங்கள்.

செய்திப்பிரியன்: ஓணத்துக்கு அங்கேதான் எடுத்தேன். விலையும் குறைவு.

கடைமுதலாளி: பில்லைப் போடுங்கள், பார்ப்போம்.