புதுப்பிப்பு: 30 ஆம்ப், 50 ஆம்ப், பிளாக் டேங்க்

சென்ற மாதம் இந்த இழையில் ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) தொடர்பான சொற்களை விளக்கியபோது, 50 ஆம்ப் மின் இணைப்பு 30 ஆம்பைவிட 20 ஆம்ப் மட்டுமே கூடுதல் என்று எழுதியிருந்தேன், அது தவறு. அமெரிக்க முகாம் திடல்களில் 30 ஆம்ப் இணைப்பில் ஒரே 120 வோல்ட் மின்தடம் வருவதால் 3,600 வாட் கிடைக்கிறது; நான்கு முனைகள் கொண்ட 50 ஆம்ப் இணைப்பிலோ அத்தகைய தடங்கள் இரண்டு இருப்பதால் மொத்தம் 12,000 வாட் வரை எடுக்கலாம். எங்கள் 30 ஆம்ப் வண்டியில் ஏசியோடு மைக்ரோவேவையும் வெந்நீர்க் கலனையும் சேர்த்து இயக்கினால் பிரேக்கர் விழுந்துவிடுகிறது.

கழிப்பறைக் கழிவு சேர்வது பிளாக் டேங்க்; குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்வது கிரே டேங்க். சாக்கடை இணைப்புள்ள திடலில் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்கலாம் என்று நான் கருதியதன் பலனை நான்காம் நாளே அனுபவித்தேன்: நீர் மட்டும் வடிந்துபோக, திடக்கழிவு அடியில் கூம்பாகக் குவிந்து இறுகிவிட்டது. (அதைக் கரைத்த கதையைச் சாப்பாட்டு வேளையில் படிப்பவர்களுக்காகத் தவிர்க்கிறேன்.) தொட்டி பெருமளவு நிரம்பும்வரை வால்வை மூடிவைத்து, முதலில் பிளாக், பின்னர் கிரே என்ற வரிசையில் திறந்தால், சோப்பு நீர் வெளியேறும்போது குழாயையும் கழுவிவிடுகிறது.

ஒருவர் கேட்டிருந்த 'பூண்டாக்கிங்' என்பது, மின், நீர், சாக்கடை இணைப்பு எதுவுமின்றித் தங்குவதைக் குறிக்கும்.