தெருவில் போட்ட சிமெண்ட் சாலைக்கு உண்மையில் எவ்வளவு பில் போட்டார்கள் என்று பார்ப்பது எப்படி?

கரிசல்பூமி (கேள்வி)

எங்கள் பேரூராட்சியில் ஒரு தெருவுக்குப் புதிதாகச் சிமெண்ட் சாலை போட்டிருக்கிறார்கள். தெருமுனைப் பலகையில் நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர், மதிப்பீடு ₹9.80 இலட்சம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர் என்ன தொகைக்கு எடுத்தார், கடைசியில் எவ்வளவு பட்டுவாடா ஆனது, கனம் எவ்வளவு என்று கணக்கில் காட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்கிறார்கள். எங்கே பார்ப்பது? ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு) போடுவதென்றால் எந்தெந்த ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?

வெள்ளாறு

ஆன்லைனில் இருப்பது பாதிக் கதைதான். ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், டெண்டர் எண் இல்லாமல் ஆர்டிஐ போட்டால் "எந்த வேலை என்று குறிப்பிடவும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளமான டிஎன்டெண்டர்ஸில் 'டெண்டர் ஸ்டேட்டஸ்' பக்கத்துக்குப் போங்கள். தெருப் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஐந்தாறு தெருக்களைச் சேர்த்து ஒரே பேக்கேஜாக விட்டிருப்பார்கள், தலைப்பில் முதல் தெருவின் பெயர் மட்டும் இருக்கும். துறையையும் தேதியையும் வைத்து வடிகட்டித் தேடுவதுதான் வழி. கிடைத்ததும் டெண்டர் ஐடியை (ஆண்டு, துறைச் சுருக்கம், எண் என்று வரும்) குறித்துக்கொள்ளுங்கள். யார் யார் விலைப்புள்ளி கொடுத்தார்கள், யாரைத் தொழில்நுட்ப நிலையிலேயே தள்ளினார்கள், விலை ஒப்பீடு என்ன என்பது திறப்புச் சுருக்கத்தில் இருக்கும். 'ஏஓசி' (ஒப்பந்தம் வழங்கல்) என்ற கடைசிக் கட்டம்தான் வேலை யாருக்கு, என்ன தொகைக்குக் கொடுக்கப்பட்டது என்பது. பல அலுவலகங்கள் அதை ஏற்றாமலே விட்டுவிடுகின்றன. விலைப்புள்ளி திறந்ததோடு பக்கம் நின்றுபோயிருக்கும்.

இன்னொன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டு டெண்டர் விதிகளில் 20-வது விதிப்படி ₹2 கோடி வரையிலான வேலைக்குப் புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தந்திருக்க வேண்டும். வெளியிட்ட தேதியையும் கடைசி தேதியையும் கழித்துப் பாருங்கள். 7 நாள்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த அனுமதி ஆணையின் நகலையும் உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பலகைத் தொகையை டெண்டர் தொகையோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். மதிப்பீட்டில் 18% ஜிஎஸ்டி, 1% தொழிலாளர் நல நிதி, இதர செலவினம் எல்லாம் சேர்ந்திருக்கும்.

சென்டரிங்

மேலே சொன்னது எல்லாம் 'என்ன தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள்' என்பது. 'என்ன செலவானது' என்பது எம்-புக்கில்தான் இருக்கிறது, அதாவது அளவுப் புத்தகத்தில். அரசு வேலையில் பணம் டெண்டருக்குப் போவதில்லை, அளவுக்குப் போகிறது. இளநிலைப் பொறியாளர் அளந்து எழுதுவார், மேலே உள்ள பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதிலிருந்து பில் தயாராகும். அந்தப் பக்கங்களின் நகலை வாங்காமல் இந்த விஷயத்தில் எதையும் பேச முடியாது.

உங்கள் சாலைக்கே கணக்குப் போடுவோம். கீழே ஜல்லிக் கலவைப் படுகை, மேலே 15 செ.மீ. எம்-20 தரக் கான்கிரீட் என்று மதிப்பீடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 × 3 × 0.15 = 81 கனமீட்டர். எம்-20க்கு கனமீட்டருக்குத் தோராயமாக 8 மூட்டை சிமெண்ட், ஆக 648 மூட்டை. கனம் 12 செ.மீ. தான் என்றால் 64.8 கனமீட்டர். வித்தியாசம் 16.2 கனமீட்டர், ஏறக்குறைய 130 மூட்டை சிமெண்டும் அதற்கான ஜல்லி மணலும். மேல்தளத் தொகையில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 3 செ.மீ. கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அங்கே கை வைப்பது.

ஓரத்தில் டேப் வைத்துப் பார்த்துவிட்டு "15 சரியாக இருக்கிறதே" என்று வந்துவிடாதீர்கள். ஓரத்தில் சட்டப்பலகை அடித்துத்தான் ஊற்றுவார்கள், அங்கே கனம் எப்போதும் சரியாகவே இருக்கும். நடுவில் படுகையை மேடாக விட்டிருந்தால் குறைவது அங்கேதான். குடிநீர் இணைப்புக்காக யாராவது சாலையை வெட்டியிருந்தால் அந்த வெட்டில் நடுக் கனத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கோர் (சாலையைத் துளைத்து உருளை மாதிரி) எடுக்க வேண்டும், அதைத் துறைதான் செய்ய முடியும்.

எம்-புக் நகல் கையில் வந்ததும் முதலில் அளவுகளின் முகத்தைப் பாருங்கள். உண்மையில் அளந்த சாலையில் அகலம் 2.95, 3.05, 2.90 என்று ஏறி இறங்கும். 180.00 × 3.00 × 0.15 என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் மதிப்பீட்டைப் பார்த்து எழுதிய அளவு என்றே எடுத்துக்கொள்வேன். அடுத்து தேதி. கான்கிரீட் போட்ட தேதி, சரிபார்ப்புக் கையெழுத்துத் தேதி, பில் தேதி மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். எம்-20 என்றால் 28-ஆம் நாள் கட்டை (அதே கான்கிரீட்டில் வார்த்த கனசதுரம்) சோதனையில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் வலிமை. கான்கிரீட் போட்ட பத்தாம் நாளே இறுதி பில் பாஸாகியிருந்தால் எந்தச் சோதனை முடிவை வைத்துப் பாஸ் செய்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 கணக்கில் 81 கனமீட்டருக்கு 5 மாதிரி, மாதிரிக்கு 3 கட்டை, மொத்தம் 15 கட்டை இருக்க வேண்டும். ஒரே தாளில் மூன்று கட்டைக்கு முடிவு காட்டினால் போதாது.

கூடுதல் வேலை என்று தனியாக ஏதாவது பில்லில் இருந்தால் அதற்கான விலகல் அறிக்கையை (மதிப்பீட்டிலிருந்து எது மாறியது என்று காட்டுவது) கேளுங்கள். குறைந்த விலைக்கு வேலையை எடுத்துவிட்டு இந்த வழியில் ஏற்றிக்கொள்வது பழைய உத்தி.

கரிசல்பூமி

நன்றி சார். டெண்டர் ஐடி கிடைத்துவிட்டது, ஏஓசி ஏற்றப்படவில்லை. மனுவை எப்படி எழுதுவது? "மூன்றாம் நபர் தகவல்" என்று மறுப்பார்கள் என்கிறார்களே?

பத்து ரூபாய்

கேள்விக்குறி போடாதீர்கள். "ஏன்", "யார் பொறுப்பு" என்று கேட்டால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"டெண்டர் ஐடி (எண்) கொண்ட பணி தொடர்பாக: தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய விரிவான மதிப்பீடு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம் மற்றும் பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பகுதி மற்றும் இறுதிப் பட்டியல்கள் (பில்கள்), பட்டுவாடா வவுச்சர், கான்கிரீட் கட்டை சோதனை அறிக்கைகள், விலகல் அறிக்கை இருப்பின் அது. இவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். மேலும் பிரிவு 2(ஜே)-ன்படி பணியையும் கோப்பையும் நேரில் ஆய்வு செய்ய நாள் குறித்துத் தர வேண்டும்."

₹10 கட்டணம், நகலுக்குப் பக்கத்துக்கு ₹2. நேரடி ஆய்வு கேட்பதை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, நகலில் வராத பக்கங்களும் கோப்பில் கண்ணில் படும். 30 நாள் தாண்டினால் நகல் இலவசம், பிரிவு 7(6).

மறுப்புகள் பெரும்பாலும் நான்கு விதம். வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி): விலைப்புள்ளிகளைப் பரிசீலிக்கும் கட்டம் முடியும்வரைதான் டெண்டரில் ரகசியம். வேலை கொடுத்து, முடித்து, பணமும் போன பிறகு காக்க எந்தப் போட்டியும் மிச்சமில்லை. டெண்டர் முடிந்ததும் ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்றாம் நபர், பிரிவு 11: அது கான்ட்ராக்டரிடம் கருத்துக் கேட்கும் நடைமுறை மட்டுமே, அவர் கையில் உள்ள வீட்டோ அல்ல. 5 நாளில் நோட்டீஸ், 10 நாளில் அவர் பதில், 40 நாளுக்குள் தகவல் அலுவலரின் முடிவு. அவருடைய வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம், பிரிவு 10 அதற்குத்தான். "பெரிய கோப்பு, தொகுக்க முடியாது" என்று 7(9)-ஐக் காட்டினால், அந்தப் பிரிவு தரும் வடிவத்தை மாற்றத்தான் இடம் தருகிறது, மறுக்க அல்ல. நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதுங்கள்.

நாலாவதுதான் தொல்லை: "கோப்பு கிடைக்கவில்லை". சட்டத்தில் அப்படி ஒரு விலக்கே இல்லை. 2013-ல் டெல்லி உயர்நீதிமன்றம், காணவில்லை என்றால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு எம்-புக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதித்தான் பொறியாளர் கைக்குப் போகும். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டு இரண்டாவது மனு போடுங்கள். கடைசியாக யார் பெற்றுக்கொண்டார் என்பது அதில் இருக்கும்.

பதில் வந்து அல்லது கெடு முடிந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது, பிரிவு 19(3)-ன் கீழ் என்று தலைப்பிலேயே எழுதுங்கள். பிரிவு 18-ல் புகாராக அனுப்பினால் அபராதம் போடலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-ல் மணிப்பூர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. வருடக்கணக்கில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்தான்.

வெள்ளாறு

ஒரு சேர்க்கை. பேக்கேஜில் ஐந்து தெரு இருந்தால் ஐந்துக்கும் எம்-புக் பக்கங்களைக் கேளுங்கள். ஒரு தெருவில் குறைந்ததை இன்னொரு தெருவின் அளவில் ஏற்றி மொத்தத்தைச் சரிக்கட்டியிருந்தால், ஒன்றை மட்டும் வாங்கிப் பார்ப்பவருக்குக் கணக்கு ஒழுங்காகவே தெரியும். அதே வாரத்தில், அதே பேரூராட்சியில், ஒரே மாதிரி வேலைகள் சின்னச் சின்னத் தொகையாகத் தனித்தனி டெண்டரில் போயிருக்கின்றனவா என்றும் தளத்தில் பாருங்கள். அனுமதி அதிகார வரம்புக்குக் கீழே வைப்பதற்காகப் பிரித்திருந்தால் தொகைகள் எல்லாம் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும்.