மறு: மறு: ‘ஹைப்ரிட் கிளாஸ்’ பேலன்ஸ் – தமிழில் எப்படிப் போடுவது?

வணக்கம்.

மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டுக்கான விதிநூல் ஒன்றைச் சிலர் சேர்ந்து தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் சொற்பட்டியல் போக வேண்டும். ஒரு தலைப்பு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கிளாஸ் என்றால் ஆடுகிறவர் எடுத்துக்கொள்ளும் பாத்திரத்தின் வகை: போர்வீரன், மந்திரவாதி என்பதுபோல. வாளும் வீசி மந்திரமும் போடுகிற ஹைப்ரிட் கிளாஸ் மற்றவற்றை மிஞ்சுகிறதா, சோடை போகிறதா என்று எடைபோடும் பகுதி அது. ‘கலப்பு வகுப்பின் சமநிலை’ என்று எழுதினேன். கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார்கள்.

— ந.

———

> கலப்பு வகுப்பு

வேண்டாம் தம்பி. கலப்பு என்றதும் கலப்படம் வந்து நிற்கும். வகுப்பு என்றால் பள்ளிக்கூடம், அல்லது வகுப்புவாதம். ‘குலம்’ என்று யாரேனும் சொல்வதற்கு முன்பே அதையும் மறுத்துவிடுகிறேன். சமன் வடசொல்லா என்ற ஐயமும் இருக்கிறது. ‘நிகர்மை’ இருக்கும்போது ஏன் அங்கே போக வேண்டும்? என் பரிந்துரை: வீரமந்திரர் நிகர்மை.

— ப.வே.

———

ஐயா, சமன் ஆகாதென்றால் வள்ளுவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று 118ஆம் குறளிலேயே வருகிறது. எடைபோடுவதற்கான சொல்லும் அங்கேயே கிடைக்கிறது: சீர்தூக்கல். இதைவிட என்ன வேண்டும்?

‘வீரமந்திரர்’ இலக்கணப்படி இடிக்கிறது. வீரரும் மந்திரரும் என்று விரித்தால் உம்மைத்தொகை. உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் என்பது நன்னூல். கபிலபரணர் இரண்டு பேர். உங்கள் வீரமந்திரரும் இரண்டு பேர் ஆகிவிடுவார். பகடை உருட்டுவது யார்?

— க.

———

சீர்தூக்கல் என்றால் ஆடுகிறவர்கள் வெண்பாவில் சீர் எண்ணப் போகிறார்கள் என்று நினைப்பார்கள் அக்கா :)

— ந.

———

சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம். ஆட்டம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டு வித்தை தெரிந்தாலும் நம் முறை வரும்போது ஒரு செயல்தான். வாளை ஓங்கினால் மந்திரம் காத்திருக்கும். அதனால் இரண்டையும் கூட்டிப் பார்த்து ‘ரொம்பப் பலம்’ என்று அலறுவது தப்புக் கணக்கு. பாதிப் பாதி கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் அப்படித்தான். இந்த வகை ஆட்டங்களில் பேர்போன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிலை என்பது பாத்திரத்தின் வளர்ச்சி, படி என்பது மந்திரத்தின் வலிமை. அதன் 2014 விதிகளில் பத்தாம் நிலை மந்திரவாதிக்கு ஐந்தாம் படி மந்திரம் கிடைத்துவிடும். ஐந்து நிலை போர்வீரன், ஐந்து நிலை மந்திரவாதி என்று பிரித்துக்கொண்டவனுக்கு மூன்றாம் படியோடு சரி. எதிரே நிற்பதோ பத்தாம் நிலைக்கான அரக்கன்.

அதே ஆட்டத்தில் வரும் பேலடினைப் பாருங்கள், கொஞ்சம் மந்திரமும் தெரிந்த புனிதப் போர்வீரன். மூன்றாம் படி மந்திரத்துக்கே ஒன்பதாம் நிலைவரை காத்திருக்க வேண்டும். காகிதத்தில் நோஞ்சான். ஆனால் வெட்டு விழுந்த பிறகு மந்திர இருப்பில் ஒன்றைச் செலவழித்து அதே அடியில் கூடுதல் சேதம் சேர்க்கலாம். முதல் படிக்கே இரண்டு எட்டுமுகப் பகடை. தனியாக ஒரு செயல் தேவையில்லை. பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்துக்கு 2011இல் வந்த மேகஸ் என்ற கிளாஸ் இன்னும் வெளிப்படை. ஒரே முழுச்செயலில் வெட்டும் உண்டு, மந்திரமும் உண்டு. அதற்கு விலையாக அந்த வெட்டுகளுக்கான பகடையில் இரண்டைக் கழிக்க வேண்டும்.

ஆக, ஒரே முறைக்குள் எதை எதோடு இணைக்க முடிகிறது, அதற்கு என்ன விலை என்று பார்த்தால்தான் பலம் தெரியும். ஒரு நாளில் எத்தனை சண்டை என்பதும் முக்கியம். ஒரே சண்டை என்றால் பேலடின் இருப்பு மொத்தத்தையும் அதிலேயே கொட்டி எல்லாரையும் ஓரங்கட்டிவிடும். அடுத்தடுத்து நாலைந்து வந்தால் கை வறண்டு, வெறும் வாளோடு நிற்கும்.

இதைச் ‘சமநிலை’ என்றால் இரண்டு தட்டும் எப்போதும் நேராக நிற்பதுபோல் ஆகிறது. பழைய விதிகளில் மந்திரவாதி முதலில் பொசுக்கென்று சாவான், கடைசியில் யாராலும் அசைக்க முடியாது. அதையும் சரி என்றுதானே ஆடினார்கள்? பேச்சில் ‘ஈடு கொடுக்கிறதா’ என்கிறோம். ‘ஈடு’ போதும்.

— மு.

———

மு. சொன்னதில் இலக்கணமே இருக்கிறது! நிலைகளைப் பிரித்துக்கொள்கிறவன் உம்மைத்தொகை: போர்வீரனும் மந்திரவாதியும் தனித்தனியாக நிற்கிறார்கள், உம் மட்டும் மறைந்திருக்கிறது. மேகஸ் அன்மொழித்தொகை. இரண்டு சொல்லும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் ஆளைக் குறிக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கலைச்சொல் போடுவதே பிழை.

‘ஈடு’ எனக்கு ஒப்பில்லை. ஈட்டுக்கடன் நினைவு வருகிறது.

— க.

———

தொகைநிலை விளக்கம் அருமை. இதையொட்டி ஒரு கேள்வி. தலையாலங்கானத்துப் போரையும் வென்று, புறநானூற்றில் 72ஆம் பாட்டையும் பாடிய பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எந்தக் கிளாஸ் தருவீர்கள்?

— ப.வே.

———

புறநானூற்றில் அவர் பாடியது ஒரே பாட்டு. போர்வீரன் பத்தொன்பது நிலை, பாணன் ஒரு நிலை. அந்தப் பாட்டும் வஞ்சினம்தான். தாக்கும்போது கூடுதல் பகடை தரலாம்.

— மு.

———

புலவரைப் பாணர் என்பது தவறு. பாணர் வேறு, புலவர் வேறு. தனி இழையில் எழுதுகிறேன்.

— ப.வே.

———

நாளை அனுப்பியாக வேண்டும் என்பதால் இப்போதைக்கு முடித்துக்கொள்கிறேன். ஹைப்ரிட் கிளாஸுக்கு ‘இருதிற பாத்திரவகை’. நிலைகளைப் பிரித்துக்கொள்வதற்கு ‘பல்வகை ஏற்றல்’. சமநிலை அப்படியே இருக்கட்டும். தனிமடலிலும் பலர் அதையே சொன்னார்கள், ஆடுகிறவர்கள் எப்படியும் பேலன்ஸ் என்றுதான் சொல்லப் போகிறார்கள். மு. அண்ணன் எழுதியதைச் சுருக்கி அந்தப் பகுதியின் முதல் பத்தியாகச் சேர்த்துவிட்டேன்.

— ந.

———

சமநிலைக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முதல் பத்தி ஒன்றைச் சொல்லும், தலைப்பு வேறொன்றைச் சொல்லும்.

— மு.

———

இருதிறத்தார் என்றால் எதிரெதிரே நிற்கும் இரு தரப்பார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. போட்டே தீருவதென்றால் ‘இருதிறப் பாத்திரவகை’ என்று ஒற்றோடு போடுங்கள்.

— க.