மறு: 200 கடல் மைலுக்கு என்ன பெயர்?

> செய்தித்தாள்களில் 'பிரத்தியேகப் பொருளாதார மண்டலம்' என்றுதானே வருகிறது, அதுவே இருக்கட்டுமே?

கரையிலிருந்து 200 கடல் மைல் வரையான கடற்பகுதியை (ஆங்கிலத்தில் Exclusive Economic Zone) தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி. செய்தித்தாள் பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் அதைப் படிக்கிறவருக்கு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அரசு வளைத்துக் கொடுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலம்தான் நினைவுக்கு வரும். தலைப்பில் இடம் போதவில்லையென்றால் 'கடல் எல்லை' என்று சுருக்கியும் விடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். 1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி 12 கடல் மைல் வரைதான் இறையாண்மை. அதற்கப்பால் 200 வரை இருப்பது மீன், எண்ணெய், எரிவாயு போன்ற வளங்களின் மேல் உரிமை. பிற நாட்டுச் சரக்குக் கப்பல் அந்த வழியாகப் போனால் யாரும் தடுக்க முடியாது.

'எல்லை' என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கு, ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் கிழக்குச் சீனக் கடல் தீவுகளான சென்காகுவைப் பாருங்கள் (சீனர்களுக்கு தியாவ்யூ). மொத்தமே ஏழு சதுர கி.மீ. போல, குடியிருப்பு இல்லை. 1895இல் ஜப்பான் சேர்த்துக்கொண்டது. 1968 ஆய்வு அங்கே கடலடியில் எண்ணெய் இருக்கலாம் என்ற பிறகு, 1970-71 வாக்கில்தான் தைவானும் சீனாவும் வெளிப்படையாக உரிமை கோரின. 1894-95 சீன-ஜப்பான் போரில் பறித்த மண் என்பது சீனாவின் வாதம், அதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 2012இல் ஜப்பான் அரசு மூன்று தீவுகளைத் தனியாரிடமிருந்து வாங்கியதும் சீன நகரங்களில் ஜப்பானியக் கார்களை உடைத்தவர்கள் எரிவாயுக்காகவா உடைத்தார்கள்? மண் என்றதும் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. கிழக்குச் சீனக் கடலில் எரிவாயுவைச் சேர்ந்து எடுக்கலாம் என்று இரண்டு அரசுகளும் 2008இல் ஒத்துக்கொண்டிருந்தன. 2010இல் சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களில் மோதிய தகராறோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. பங்கு போட முடிகிற விஷயம் எரிவாயு, மானத்தை யார் பங்கு போடுவது?

அதனால் 'எல்லை', 'மண்டலம்' இரண்டையும் விட்டுவிட்டு, எதன் மேல் உரிமை என்பது பெயரிலேயே தெரியட்டும் என்கிறேன். முதலில் 'வளவுரிமைக் கடல்' என்று எழுதிப் பார்த்தேன், புணர்ச்சி சரிதான், ஆனால் செட்டிநாட்டுக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ அதை வீட்டு வளவு (வீடும் அதன் மனையும்) என்று படித்துவிட்டால் நாம் தவிர்க்க நினைத்த பொருளே வந்து உட்கார்ந்துகொள்ளும்! ஆகவே பிரித்து, 'வள உரிமைக் கடல்'. 12 மைலுக்கு 'ஆட்சிக் கடல்'.

இன்னொன்று, மனிதர் வாழவோ சொந்தப் பொருளாதாரம் நடத்தவோ இயலாத பாறைக்கு 200 மைல் கிடையாது, 12 மட்டும்தான் (அதே உடன்படிக்கை, உறுப்பு 121). அந்த வகைக்கு வெறும் 'பாறை' போதுமா, இல்லை 'வாழ்வியலாப் பாறை' என்று வேண்டுமா? எனக்கு முதலாவது போதும். மாற்று இருந்தால் எழுதுங்கள்.